பாய்மரப் படகும் என் கையெழுத்தும்

என் பர்ஸில் இருக்கும் அந்தச் சின்ன அட்டையைப் பார்க்கிறவர்கள், "உங்க வீட்டுக்காரர் கப்பல்லயா வேலை பார்க்கிறார்?" என்று கேட்கிறார்கள். இல்லை. இவர் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறார். அட்டை என்னுடையது! வெளிநாட்டில் பாய்மரப் படகை வாடகைக்கு எடுத்து நானே ஓட்டலாம் என்று சொல்லும் சர்வதேசத் தகுதிச் சான்றிதழ் அது. சுருக்கமாக ஐ.சி.சி. என்பார்கள்.

சிரிக்காதீர்கள் சகோதரிகளே. நாற்பத்து மூன்று வயது, இரண்டு குழந்தைகள், பள்ளிக்கூடத்தில் மதிய வேளையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இரண்டு மணி நேர வேலை, மீதி நேரமெல்லாம் அடுப்படி. இதுதான் நான். பிறந்தது நாகப்பட்டினம். ஆனால் கடலில் முழங்காலுக்கு மேல் இறங்கியதே கிடையாது. கல்யாணமாகி வந்து சேர்ந்தது இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள சவுதாம்ப்டன். 1912-ல் டைட்டானிக் புறப்பட்டது இந்தத் துறைமுகத்திலிருந்துதான். இதை இன்றுவரை என் அம்மாவிடம் சொல்லவில்லை!

இந்த ஊரில் கார் இல்லாத வீடுகூட இருக்கும், படகைப் பற்றிப் பேசாத வீடு கிடையாது. ஆபீஸ் நண்பர்கள் ஒரு சனிக்கிழமை இவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அதோடு சரி, பைத்தியம் பிடித்துவிட்டது. ஒன்றரை வருஷத்தில் படிக்க வேண்டியதைப் படித்து, சான்றிதழும் வாங்கிவிட்டார். அப்புறம் ஒரே ஜபம்: "கிரீஸுக்குப் போய் ஒரு வாரம் படகு எடுக்கலாம். நாம நாலு பேர் மட்டும்."

வாடகைக்குக் கார் எடுத்து நாமே ஓட்டிக்கொண்டு போகிற மாதிரிதான் இதுவும். படகை மட்டும் கொடுப்பார்கள். ஓட்டுகிற ஆள் கிடையாது. 'பேர்போட்' என்று இதற்குப் பெயர். உள்ளேயே படுக்கை அறை, சமையலறை, குளியலறை எல்லாம் உண்டு. பகலில் தீவு தீவாகப் போவது, ராத்திரி ஏதாவது ஒரு சின்னத் துறையில் கட்டிப்போட்டுத் தூங்குவது.

வேடிக்கை என்னவென்றால், இங்கிலாந்தில் சொந்த உல்லாசத்துக்குச் சின்னப் படகு ஓட்ட லைசென்ஸே தேவையில்லை. ஆனால் மத்தியதரைக் கடல் நாடுகள் அப்படி விடுவதில்லை. குரோஷியாவில் தகுதிச் சான்றிதழோடு ரேடியோவில் பேசுவதற்கான சான்றிதழும் கேட்பார்கள். கிரீஸில் இன்னொரு நிபந்தனை. சான்றிதழ் உள்ள தலைவர் ஒருவர் போதாது. அவருக்கு ஏதாவது ஆனால் படகைக் கரை சேர்க்கத் தெரிந்த இரண்டாவது ஆள் ஒருவரும் படகில் இருக்க வேண்டும். அந்த ஆளிடம் சான்றிதழ் இல்லாவிட்டால், 'எனக்குப் படகு ஓட்டிய அனுபவம் உண்டு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தால் ஏற்றுக்கொள்வார்கள்.

2023 செப்டம்பரில் ஒரு நாள் ராத்திரி, நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது இவர் அந்தத் தாளைக் கொண்டுவந்து நீட்டினார்.

"இங்கே ஒரு கையெழுத்துப் போடும்மா."

"என்னங்க இது?"

"சும்மா, சம்பிரதாயம். எல்லார் வீட்டுலயும் மனைவிதான் போடறாங்க."

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு படித்துப் பார்த்தேன். எனக்குப் படகு ஓட்டத் தெரியும் என்று எழுதியிருந்தது!

எனக்கு என் சித்தி ஞாபகம் வந்தாள். சித்தப்பா நீட்டின தாளில் எல்லாம் கையெழுத்துப் போட்டவள் அவள். "அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்பாள். சித்தப்பா திடீரென்று போன பிறகு, யாரோ ஒருவருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்ட கடன் வாசலில் வந்து நின்றது. எந்த பாங்கில் கணக்கு, எந்தப் பெட்டியில் பத்திரம், ஒன்றுமே அவளுக்குத் தெரியாது. மூன்று வருஷம் அலைந்தாள்.

"நான் போட மாட்டேங்க" என்றேன்.

"விளையாடறியா? முன்பணம் கட்டணும்."

"பொய்க் கையெழுத்து வேணாம். நடுக்கடலில் நீங்க தவறி விழுந்துட்டா, இந்தத் தாளைக் காட்டிப் படகைத் திருப்ப முடியுமா? பின்னால் ரெண்டு குழந்தைங்க உட்கார்ந்திருக்கும். கத்துக்கிட்டுப் போடறேன். அடுத்த வருஷம் போகலாம்."

இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் தன் பழைய பாடப் புத்தகங்களைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார். அவ்வளவுதான், சமாதானம்.

அம்மாவிடம் சொல்வதுதான் பெரும்பாடாக இருந்தது. 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு அம்மா கடற்கரைப் பக்கமே போவதில்லை. எங்கள் தெருவில் போனவர்களை எண்ணி முடிக்க முடியவில்லை. "கடலை நம்பாதேடி" என்பதுதான் எனக்கு அவள் கொடுத்த சீதனம். போனில் சொன்னதும் ரொம்ப நேரம் பேச்சே இல்லை. அப்புறம் ஒரே கேள்வி: "உனக்கு நீஞ்சத் தெரியுமா?"

தெரியாது. ஆகவே பள்ளிக்கூடப் பாடத்துக்கு முன்னால் நீச்சல் குளம். வாரம் இரண்டு நாள், முழுக்கை நீச்சல் உடுப்பு மாட்டிக்கொண்டு, எழுபது வயதுப் பாட்டிகளோடு சேர்ந்து கற்றுக்கொண்டேன். நாலு மாதத்தில் குளத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நிற்காமல் போய்வர முடிந்தது. முதுகுவலி போனது தனி லாபம்.

இங்கே இந்தப் படிப்புகளை நடத்த வழிமுறை வகுத்திருப்பது ராயல் யாட்டிங் அசோசியேஷன் என்ற சங்கம். ஆரம்பப் படி 'காம்பிடன்ட் க்ரூ', அதாவது படகில் உதவியாளாக இருக்கப் பழகுவது. அடுத்தது 'டே ஸ்கிப்பர்', பகல் நேரத்தில், பழகிய கடலில் சிறு படகுக்குத் தலைமை தாங்குவது. டே ஸ்கிப்பர் செய்முறைச் சான்றிதழைக் காட்டினால் ஐ.சி.சி. அட்டை கிடைக்கும். ஏற்கெனவே ஓட்டத் தெரிந்தவர்கள் நேரடியாகப் பரிட்சை கொடுத்தும் வாங்கலாம்.

பனிக்காலத்தில் ஏட்டுப் பாடம். மொத்தம் 40 மணி நேரம். பிள்ளைகள் தூங்கின பிறகு சாப்பாட்டு மேஜையில் கடல் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்காருவேன். கடலில் தூரத்தைக் கடல்மைலில் அளக்கிறார்கள். ஒரு கடல்மைல் 1,852 மீட்டர். வரைபடத்தின் ஓரத்தில் இருக்கும் அட்சரேகை அளவில் ஒரு 'மினிட்' என்பது ஒரு கடல்மைல். டிவைடரால் அளந்து, புள்ளி வைத்து, கோடு இழுக்க வேண்டும். வாசலில் புள்ளிக் கோலம் போட்ட கைக்கு இதெல்லாம் ஒரு கஷ்டமா?

கணக்குதான் கொஞ்சம் மிரட்டியது. அலை ஏறி இறங்க ஏறக்குறைய ஆறு மணி நேரம். எவ்வளவு ஏறும் என்பதைப் பன்னிரண்டு பங்காக வைத்துக்கொள்ளுங்கள். முதல் மணியில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதிலும் நாலாவதிலும் மூன்று மூன்று, அப்புறம் இரண்டு, கடைசியில் ஒன்று. அடுப்பில் பால் மாதிரிதான். மெதுவாக ஆரம்பித்து, நடுவில் 'குபுக்'கென்று பொங்கி, அப்புறம் அடங்கும். இதை நெட்டுருப் போட்டு முடித்த பிறகு டீச்சரம்மாள் சொன்னார், "நம்ம சவுதாம்ப்டன் தண்ணீருக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது" என்று! இங்கே உச்ச ஏற்றம் இரண்டு தடவை வருகிறது. அதற்கென்று தனி வரைபடம் இருக்கிறது.

துறைமுகத்துக்குள் நுழையும்போது மிதவைகளைப் பார்த்துத்தான் வழி கண்டுபிடிக்க வேண்டும். ஐரோப்பாவில் சிவப்பு மிதவை நமக்கு இடப்பக்கம், பச்சை வலப்பக்கம் இருக்க வேண்டும். அமெரிக்காவில் இது தலைகீழ். இங்கிலீஷ்காரர்கள் இதற்கு ஏதேதோ சொல்லி ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள். நான் சொல்லிக்கொண்டது வேறு. வேலை கெடாமல் இருக்க நாம் முதலில் மருதாணி வைத்துக்கொள்வது இடது கையில். சிவப்பு! வெற்றிலை கொடுப்பது வலது கையால். பச்சை! இன்றுவரை மறக்கவில்லை.

2024 ஏப்ரலில் காம்பிடன்ட் க்ரூ. ஐந்து நாள் படகிலேயே தங்க வேண்டும். கல்யாணமான பிறகு ஐந்து நாள் வீட்டை விட்டுத் தனியாகப் போனது பிரசவத்துக்கு மட்டும்தான்! இட்லிக்கு அரைத்து வைத்து, பொடி இடித்து வைத்து, எந்த டப்பாவில் என்ன என்று சீட்டு ஒட்டிவிட்டுப் போனேன். "அதெல்லாம் நாங்க பார்த்துக்கறோம்" என்றார் இவர். பார்த்துக்கொண்டார்தான். ஐந்து நாளும் ரசம், தயிர்சாதம், முட்டை. குழந்தைகள் ஒரு சுற்று இளைக்கவும் இல்லை, அழவும் இல்லை. எனக்குத்தான் கொஞ்சம் ஏமாற்றம்!

படகில் நாங்கள் நாலு பேர் மாணவர்கள். மூன்று பேர் ஆண்கள். சொல்லிக்கொடுத்தவர் அறுபது வயதைத் தாண்டின ஓர் ஆங்கிலேய அம்மாள். ஒல்லி உடம்பு, உரத்த குரல். முதல் நாள் காலை நான் வழக்கம்போல் எழுந்து எல்லோருக்கும் டீ போட்டேன். இரண்டாம் நாளும் எழுந்தேன். அந்த அம்மாள் என் கையிலிருந்து கெட்டிலை வாங்கி வைத்துவிட்டு ஒரு பட்டியல் எழுதி ஒட்டினார். யார் என்றைக்கு டீ, யார் சமையல், யார் சுக்கான், யார் கயிறு என்று. "டீ போட நீங்க காசு கட்டி வரலை" என்றார். அன்று காலை ஒரு வக்கீல் போட்ட டீயைக் குடித்தேன். சகிக்கவில்லை, ஆனாலும் ருசியாகத்தான் இருந்தது!

படகு பாஷையே தனி. 'ஷீட்' என்றால் பாய் அல்ல, பாயை இழுக்கும் கயிறு. கழிப்பறைக்கு 'ஹெட்ஸ்', கையால் பம்ப் அடிக்க வேண்டும். சமையலறைக்குப் பெயர் 'கேலி'. பெயருக்கேற்ற மாதிரி அது நம்மைக் கேலிதான் செய்யும். படகு சாயச் சாய அடுப்பு ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டு நேராக நிற்கும். நாம்தான் சாய்ந்து நிற்போம்.

கேஸ் விஷயத்தில் நாம் அறிந்ததுதான் அங்கேயும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் கீழே இறங்கித் தேங்கும். வீட்டிலாவது கதவைத் திறந்தால் வெளியே போகும். படகின் அடித்தளம் ஒரு மூடின தொட்டி, அங்கேயே கிடக்கும். அதனால் ஒவ்வொரு தடவை சமைத்து முடித்ததும் சிலிண்டரிலேயே மூட வேண்டும். எனக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. மற்ற மூவருக்கும் நான் சொல்லிக்கொடுத்தேன்.

முடிச்சுகளும் அப்படித்தான். 'பௌலைன்' என்று ஒரு முடிச்சு. எவ்வளவு இழுத்தாலும் இறுகாது, அவிழ்க்க வேண்டும் என்றால் உடனே அவிழும். முயல் வளையிலிருந்து வெளியே வந்து, மரத்தைச் சுற்றி, மறுபடி வளைக்குள் போவது போல என்று கதை சொல்லிக் கற்றுக்கொடுப்பார்கள். பூக் கட்டின விரல்களுக்கு ஒரு மணி நேரம் போதும்.

டே ஸ்கிப்பர் படிப்பில் சேர, அதற்கு முன்பே ஐந்து நாள் படகில் இருந்திருக்க வேண்டும், 100 கடல்மைல் போயிருக்க வேண்டும், நாலு மணி நேரம் இருட்டில் ஓட்டியிருக்க வேண்டும். இதற்கென்று ஒரு குறிப்பேடு உண்டு. குறைந்த மைல்களை வாரக் கடைசிகளில் இவர் நண்பர்களின் படகில் போய்ச் சேர்த்தேன். இருட்டில் ஒவ்வொரு விளக்கும் ஒவ்வொரு விதமாகக் கண் சிமிட்டும். அபாயத்துக்குக் கிழக்கே வைத்த மிதவை மூன்று தடவை, தெற்கே வைத்தது ஆறு தடவை, மேற்கே ஒன்பது. கடிகாரத்தை நினைத்துக்கொண்டால் போதும், மூன்று, ஆறு, ஒன்பது. வடக்கே வைத்தது நிற்காமல் சிமிட்டும். கரும் தண்ணீரில் அதை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த ராத்திரி எனக்குப் பயமே தோன்றவில்லை. தெரிந்ததை எண்ணும்போது பயத்துக்கு இடம் ஏது?

பெரிய கப்பல்களுக்கு ஒதுங்குவதும் பாடம்தான். பாய் விரித்த படகுக்கு இயந்திரப் படகு வழிவிட வேண்டும் என்பது பொது விதி. அதை நம்பிக் கப்பல் முன்னால் போய் நிற்க முடியுமா? எங்கள் துறைமுகத்தில் குறிப்பிட்ட பகுதியில் 150 மீட்டருக்கு மேல் நீளமுள்ள கப்பல் வந்தால், அதற்கு முன்னால் 1,000 மீட்டரும் இரு பக்கமும் 100 மீட்டரும் நமக்குத் தடை.

ஜூனில் டே ஸ்கிப்பர். அதுவும் ஐந்து நாள். கடைசியில் தனியாகப் பரிட்சை கிடையாது. ஐந்து நாளும் கூடவே இருந்து பார்த்துத்தான் முடிவு சொல்வார்கள். அதில் முக்கியமான பாடம், தண்ணீரில் விழுந்தவரை மீட்பது. ஒரு வாளியில் மிதவையைக் கட்டித் தூக்கிப் போட்டுவிடுவார்கள். அதுதான் 'ஆள்'. உடனே உரக்கக் கத்த வேண்டும். ஒருவர் விழுந்தவரிடமிருந்து கண்ணை எடுக்காமல் கையை நீட்டிக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மிதவை வளையத்தை வீச வேண்டும். படகைக் காற்றுக்கு எதிராகத் திருப்பி, பாயை அடக்கி, மெதுவாக அருகில் போய் நிறுத்த வேண்டும். அலைக்கு நடுவில் ஒரு தலை என்பது ஒரு தேங்காய் அளவுதான். இருபது எண்ணுவதற்குள் மறைந்துவிடும். மாறி மாறிச் செய்தோம். நான் மட்டும் பன்னிரண்டு தடவை.

15 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த தண்ணீரில் விழுந்தால் முதலில் மூச்சு வாங்கும், கை கால் உதறும். அப்போது நீந்தப் பார்க்காமல், தலையைப் பின்னால் சாய்த்து மல்லாந்து மிதக்க வேண்டும். ஒன்றரை நிமிஷத்தில் அந்த அதிர்ச்சி அடங்கும். அப்புறம்தான் கூப்பிடுவதோ நீந்துவதோ. இதைக் குழந்தைகளுக்கும் சொல்லி வைத்தேன். கிணறு, குளம் எதுவானாலும் இது பொருந்தும்.

ரேடியோவுக்குத் தனியாக ஒரு நாள் படிப்பும் பரிட்சையும். 16-ஆம் சேனலில் உயிருக்கே ஆபத்து என்றால் 'மேடே' என்று மூன்று தடவை. அவசரம், ஆனால் படகு மூழ்கவில்லை என்றால் 'பான்-பான்' மூன்று தடவை. அப்புறம் படகின் பெயர், இருக்கும் இடம், என்ன தொந்தரவு, எத்தனை பேர். சாம்பார் கொதிக்கும்போது கரண்டியை மைக்காக வைத்துக்கொண்டு ஒத்திகை பார்த்தேன். பையனுக்கு அப்போது ஒன்பது வயது. அவன் என்னைவிட நன்றாகச் சொன்னான்.

ஐ.சி.சி. அட்டை தபாலில் வந்தது. ஆகஸ்டில் புறப்பட்டோம், கிரீஸின் மேற்கே உள்ள அயோனியக் கடலுக்கு. கிழக்கே ஏஜியன் கடலில் ஜூலை, ஆகஸ்டில் 'மெல்டெமி' என்ற வடகாற்று பலமாக அடிக்கும். புதியவர்களுக்கு அயோனியக் கடல்தான் சாந்தம். காலையில் காற்றே இராது, பிற்பகலில் வடமேற்கிலிருந்து எழும்.

லெஃப்கடா தீவில் 36 அடிப் படகு. ஒப்படைக்கும்போது நங்கூரம், தீயணைப்பான், லைஃப் ஜாக்கெட் என்று ஒவ்வொன்றாகச் சரி பார்த்தோம். குழந்தைகளுக்கு எடைக்கு ஏற்ற ஜாக்கெட்டா, காலிடுக்கு வார் இருக்கிறதா என்று நான் பார்த்தேன். அந்த வார் இல்லாவிட்டால் தண்ணீரில் ஜாக்கெட் மேலே போகும், குழந்தை கீழே போகும். எல்லாம் பார்த்த பிறகு தாளை நீட்டினார்கள். இரண்டாவது வரியில் என் பெயர். இந்தத் தடவை ஒரு வினாடிகூட யோசிக்காமல் கையெழுத்துப் போட்டேன்.

மூன்று நாள் சொர்க்கம்! மெகனீசி, அப்புறம் இதாக்கா. ஹோமரின் காவியத்தில் ஒடிசியஸின் ஊர் இதாக்காதான். அவன் போருக்குப் போய்த் திரும்ப இருபது வருஷம். அத்தனை வருஷமும் பெனலோப் கரையில் காத்துக்கொண்டிருந்தாளாம். "நல்லவேளை, அவளுக்குப் படகு ஓட்டத் தெரியலை. தெரிஞ்சிருந்தா அவளே போய்க் கூட்டிட்டு வந்திருப்பா" என்றாள் என் மகள்.

நாலாம் நாள் காலை இதாக்காவின் கியோனியிலிருந்து புறப்பட்டோம். லெஃப்கடாவின் தெற்கே சிவோட்டா என்ற உள்ளடங்கின துறை, சுமார் 10 கடல்மைல். பாதி வழியில் இவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். முகமெல்லாம் வியர்வை. வலி முதுகிலிருந்து அடிவயிற்றுக்கு ஓடுகிறது என்றார். வாந்தி எடுத்தார். அப்புறம் பேசவே முடியவில்லை. சுருண்டு படுத்துவிட்டார்.

அம்மாடி! அந்த நிமிஷத்தை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. ஆனால் கை தானாக வேலை செய்தது. இவருக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டி, கொக்கியைப் படகோடு பூட்டினேன். என்ஜினைப் போட்டேன். மகளிடம் சுக்கானைக் கொடுத்து, "காத்து முகத்துல அடிக்கிற மாதிரி பிடிச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுப் பாயை இறக்கினேன். போனில் சிக்னல் இல்லை. ரேடியோவை எடுத்து 16-ஆம் சேனலில் "பான்-பான்" என்று மூன்று தடவை சொன்னேன். கரண்டியில் பழகின அதே வரிகள். கரையிலிருந்து இங்கிலீஷில் பதில் வந்தது. இடம் கேட்டார்கள், வயது கேட்டார்கள், வலி எங்கே என்று கேட்டார்கள். சிவோட்டாவுக்கே வரச் சொன்னார்கள்.

ஒரு மணி நேரம். அவ்வளவு நீளமான ஒரு மணி நேரத்தை நான் பார்த்ததில்லை. துறைக்குள் நுழைந்ததும் மலைச்சரிவிலிருந்து காற்று திடீர் திடீரென்று இறங்கியது. அங்கே படகை நிறுத்தும் விதமே வேறு. முன்னால் நங்கூரத்தைப் போட்டுவிட்டு, இரண்டு படகுகளுக்கு நடுவில் பின்பக்கமாகவே போய்க் கரையோடு கட்ட வேண்டும். மகள் நங்கூரத்தை இறக்கினாள். பையன் பக்கவாட்டில் மிதவைகளைத் தொங்கவிட்டான். நான் பின்னால் பார்த்தபடி மெதுவாக ஓட்டினேன். பக்கத்துப் படகிலிருந்த வயதான தம்பதி கயிற்றை வாங்கிக் கட்டினார்கள். கரையில் வண்டி தயாராக நின்றது.

சிறுநீரகக் கல்! ஐந்து மில்லிமீட்டர். ஊசி போட்டதும் வலி அடங்கியது. வெயிலில் நாள் முழுக்க நின்று, தண்ணீர் குடிக்காமல் காப்பியாகக் குடித்ததும் ஒரு காரணம் என்றார் டாக்டர். சிறுநீர் வெளுப்பாகப் போகும் அளவுக்குத் தண்ணீர் குடிக்கச் சொன்னார். உங்கள் வீட்டு ஆண்களிடமும் சொல்லி வையுங்கள். கடலில் மட்டுமல்ல, வயலிலும் ஸ்கூட்டரிலும் வெயில் ஒன்றுதான்.

அன்று ராத்திரி குழந்தைகள் தூங்கின பிறகு, நங்கூரம் பிடித்திருக்கிறதா என்று மூன்று தடவை எழுந்து பார்த்தேன். இரண்டு நாள் கழித்துப் படகைத் திருப்பிக் கொண்டுபோனது நான்தான். இவர் நிழலில் உட்கார்ந்து, ஒரு பாட்டில் தண்ணீரும் கையுமாக, சொன்ன கயிற்றை இழுத்தார். "அன்னிக்கு நீ கையெழுத்துப் போடாம இருந்தியே..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. கண் கலங்கிவிட்டது.

அம்மாவிடம் ஊருக்கு வந்த பிறகுதான் சொன்னேன். திட்டு விழும் என்று நினைத்தேன். விழவில்லை. அந்த அக்டோபரில், 2024 அக்டோபர் 2-ஆம் தேதி, இந்தியக் கடற்படையின் பெண் அதிகாரிகள் இருவர் 'தாரிணி' என்ற பாய்மரப் படகில் உலகைச் சுற்றக் கோவாவிலிருந்து புறப்பட்டார்கள். லெப்டினன்ட் கமாண்டர் தில்னா கேரளத்துப் பெண். லெப்டினன்ட் கமாண்டர் ரூபா அழகிரிசாமி நம் புதுச்சேரிப் பெண். 2025 மே 29-ல் பத்திரமாகத் திரும்பினார்கள். எட்டு மாதமும் அம்மா டி.வி.யில் அந்தச் செய்திக்காகக் காத்திருந்தாள். "ரெண்டே பேருடி! ஆனா ரெண்டு பேருக்கும் ஓட்டத் தெரியும்ல?" என்றாள். அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

யாருக்காவது ஆசை இருந்தால் சொல்கிறேன். முதலில் நீச்சல். அப்புறம் ஐந்து நாள் ஆரம்பப் படிப்பு மட்டும் போய்ப் பாருங்கள், பிடிக்காவிட்டால் அதோடு நிறுத்திக்கொள்ளலாம். முதல் பயணத்துக்கு 'ஃப்ளோட்டிலா' நல்லது. பத்துப் பதினைந்து படகுகள் கூட்டமாகப் போகும், அனுபவசாலிகள் ஒரு படகில் கூடவே வருவார்கள். தலை சுற்றினால் உள்ளே போய்ப் படுக்காமல், மேலே வந்து தொலைவில் வானமும் கடலும் சேரும் கோட்டைப் பார்க்க வேண்டும். இஞ்சி மொரப்பா எனக்குக் கேட்டது. மாத்திரை போடுவதென்றால் புறப்படும் முன்பே போட வேண்டும். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் டாக்டரைக் கேட்காமல் எந்த மாத்திரையும் வேண்டாம். செலவு? எனக்கு இரண்டு வருஷச் சம்பளச் சேமிப்பு கரைந்தது. வளையல் வாங்க வைத்திருந்த பணம்தான்.

படகே வேண்டாம், கடலே வேண்டாம் என்பவர்களுக்கு ஒன்று மட்டும். வீட்டிலும் ஒரு 'இரண்டாவது வரி' இருக்கிறது. பாங்குக் கணக்கில், வீட்டுக் கடனில், இன்ஷூரன்ஸில் உங்கள் பெயர் எங்கே இருக்கிறது, எதற்காக இருக்கிறது என்று இந்த வாரமே அவரோடு உட்கார்ந்து கேளுங்கள். சண்டை போட வேண்டாம். காப்பி போட்டுக் கொடுத்துவிட்டே கேளுங்கள்.

என் அட்டைக்கு ஐந்து வருஷம்தான் ஆயுள். 2029-ல் புதுப்பிக்க வேண்டும். அதற்குள் எங்கள் வீட்டில் இன்னொரு அட்டை வந்துவிடும் போலிருக்கிறது. பதினாறு வயது ஆனால்தான் ஐ.சி.சி. தருவார்கள். மகள் காலண்டரில் தன் பிறந்த நாளைச் சுற்றி வட்டம் போட்டு வைத்திருக்கிறாள். சாப்பாட்டு மேஜையில் மறுபடியும் வரைபடம் விரிந்து கிடக்கிறது. ராத்திரிச் சாப்பாட்டைத் தட்டில் போட்டுக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடுகிறோம்.